பக்-12 அலைவரிசை: படப்பிடிப்பில் குறையில்லை, தலைமையில் உண்டு

1958 இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது தங்கத்தை ஈட்டிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பிள்ளை. பின்னர் லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அப்பல்கலைக்கழகம் நெடுங்காலம் அங்கம் வகித்த, பக்-12 என்ற அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பு, தன் வரலாற்றை 1915 இலிருந்து எண்ணுகிறது. அது 2012 ஓகஸ்டில் தொடங்கி 2024 யூன் 30 இல் மூடிய தொலைக்காட்சிச் சேவையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

உயரம் பாய்தல் பழக்குபவன் என்ற வகையில், அச்சேவை யூரியூபில் இட்ட துண்டுகளே எனக்குப் பயன்பட்டன. வளைந்து ஓடி வருபவரின் உடல் கடைசி மூன்று அடிகளில் உட்புறம் சாய்வதையும், தோள் தடியைத் தாண்டிய பின்னரே இடுப்பு எழுவதையும் மெதுவாக ஓடவிட்டு மைதானத்தில் பிள்ளைகளுக்குக் காட்டியபோது, நான் ஒரு தவணை முழுவதும் வாயால் சொன்னது அவர்களுக்கு ஒரே மாலையில் விளங்கியது. ஆண்டுக்குச் சுமார் 850 போட்டிகளை நேரலையாகக் காட்டிய அச்சேவை, மெய்வல்லுநருக்கும் கரப்பந்துக்கும் ஜிம்னாஸ்ரிக்ஸுக்கும் உரிய இடம் கொடுத்தது. படப்பிடிப்பிலும் வர்ணனையிலும் நான் குறை காணவில்லை.

குறை, அது வீடுகளைச் சென்றடையாததில் இருந்தது. 2009 இல் பெண்கள் டெனிஸ் சங்கத்திலிருந்து, கூட்டமைப்பை நடத்தும் ஆணையாளராக வந்த லாரி ஸ்கொட், ஏனைய கூட்டமைப்புகள் பெரிய ஒளிபரப்பாளர்களோடு பங்கு சேர்ந்து அலைவரிசை நடத்தியபோது, ஏழு அலைவரிசைகளையும் முழுமையாகக் கூட்டமைப்பின் உடைமையாகவே வைத்துக்கொண்டார். விநியோகத்தைப் பேசி முடிக்கும் பலமுள்ள பங்காளி இல்லாததால், டைரெக்ட்டிவி என்ற பெரிய செய்மதி நிறுவனம் கடைசிவரை அதை ஏற்கவில்லை. எதிர்பார்த்த வருமானமும் வரவில்லை. தவறு தெரிந்த பின்னரும் 2021 வரை அவரைப் பதவியில் வைத்திருந்த பல்கலைக்கழகத் தலைவர்களையே நான் கூடுதலாகக் குறை சொல்வேன்.

அடுத்து வந்த ஜோர்ஜ் கிளியாவ்கொஃப் பதவியேற்று ஓராண்டு நிறைந்தபோது, 2022 யூன் 30 இல், கூட்டமைப்பிலிருந்த லொஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகங்கள் இரண்டும் விலகப்போவதாக அறிவித்தன. மறு ஆண்டு அவர் கொண்டுவந்த, ஆப்பிள் நிறுவனத்துடனான ஒளிபரப்பு ஒப்பந்த யோசனையில் வருமானம் சந்தாதாரர் தொகையையே பெரிதும் நம்பியிருந்தது. வீட்டுக்கு வீடு தெரியாத அலைவரிசையால் ஏற்கெனவே நொந்தவர்கள் அதை நம்பத் தயங்கினார்கள். 2023 ஓகஸ்ட் 4 ஆம் திகதி ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் வெளியேற முடிவெடுத்தன. கடைசியில் பன்னிரண்டில் எஞ்சியவை ஒரேகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டுமே. 1968 இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் முதுகு கீழாகப் பாய்ந்து தங்கம் வென்று, இன்று எங்கள் பிள்ளைகளும் பழகும் முறையை உலகுக்குக் கொடுத்த டிக் ஃபொஸ்பரி, அந்த ஒரேகன் ஸ்டேட்டின் மாணவர். அதனால் அச்செய்தி எனக்கு ஆறாத வருத்தம் தந்தது.

2024 மார்ச்சில் ஆணையாளராகப் பொறுப்பேற்ற தெரேசா கூல்ட், அலைவரிசை மூடிய பின்னரும் கலையகத்தைக் கைவிடாமல் தயாரிப்பு நிறுவனமாக நடத்துகிறார். 2026 யூலையிலிருந்து புதிய அங்கத்தவர்களோடு தொடங்கும் பருவத்துக்கு, அமெரிக்காவில் அன்ரெனாவிலேயே தெரியும் சீபீஎஸ் தொலைக்காட்சியோடு ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள். ஸ்கொட் காலத்தில் முதலில் செய்திருக்க வேண்டியது இதுதான்.