சிங்கப்பூரில் 'காண்டோ ரூம், பாதி விலை' என்றால் பணம் அனுப்பிவிடாதீர்கள்

குடும்பத்தோடு சிங்கப்பூர் கிளம்புகிறவர்கள் ஹோட்டல் வாடகையைப் பார்த்து மலைத்துப்போய் அடுத்ததாகத் தேடுவது காண்டோ அறையைத்தான், அதாவது தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஓர் அறை. தேடும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. எச்டிபி எனப்படும் அரசு அடுக்குமாடி வீடு என்றால் குறைந்தது ஆறு மாதம். இந்த விதியை மீறி ஆள் தங்கவைத்த இருவருக்கு 2018இல் நீதிமன்றம் தலா 60,000 சிங்கப்பூர் டாலர் அபராதம் போட்டது. ஆக, நாலு நாளைக்குக் காண்டோ தருகிறேன் என்கிறவரிடம் சட்டப்படி விற்பதற்கு எதுவுமே இல்லை.

எங்களிடம் அப்படி ஒரு காண்டோவை விற்றவர் நல்ல தமிழ் பேசினார், வார்த்தைக்கு வார்த்தை 'அண்ணே'. ஃபேரர் பார்க் மெட்ரோ ரயில் நிலையம் பக்கம், முஸ்தபா கடைக்கு நடந்தே போகலாம், சமையலறை இருக்கிறது, அம்மாவுக்கு நீங்களே கஞ்சி வைத்துக் கொடுக்கலாம் என்றார். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அந்தச் சமையலறைதான் எங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது. முழுத் தொகையையும் சென்னையில் இருக்கும் ஒரு வங்கிக் கணக்குக்கு முன்பணமாகக் கேட்டார், அனுப்பினோம்.

அதற்குப் பிறகுதான் பேச்சு மாறியது. சிங்கப்பூர் போகிறவர்கள் அரைவல் கார்டை இணையத்தில் நிரப்ப வேண்டும், தங்கும் இடத்தையும் அதில் சொல்ல வேண்டும். முகவரி கேட்டோம். "அதுல ஏதாவது ஒரு ஹோட்டல் பேரைப் போட்டுடுங்கண்ணே. கேட்ல யாராவது கேட்டா என் சொந்தக்காரங்கன்னு சொல்லிடுங்க" என்றார். குடிநுழைவு அதிகாரிகளுக்குப் பொய்த் தகவல் கொடுப்பது குற்றம். அந்தக் குற்றத்தை எங்களைச் செய்யச் சொல்கிறார். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, கேன்சல் கிடையாது என்றார். விடாமல் கேட்டு உண்மையான முகவரியை வாங்கித்தான் கார்டை நிரப்பினோம். இந்தப் பேச்சு எப்போதும் பணம் கைமாறிய பிறகுதான் வரும், அதைக் கவனியுங்கள்.

போய் இறங்கினால், காண்டோ வாசலில் காவலாளி வீட்டு எண்ணுக்கு அழைத்துக் கேட்டார். வீட்டில் இருந்தவர்களுக்கு எங்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அண்ணே என்றவரின் போன் அணைந்திருந்தது. அம்மா சூட்கேஸ் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தக் காவலாளி நல்ல மனுஷர். தண்ணீர் கொடுத்து, டாக்சியும் பிடித்துத் தந்தார்.

அது சனிக்கிழமை இரவு. லிட்டில் இந்தியாவில் கிடைத்த அறைக்குக் கேட்டதைக் கொடுத்தோம். பலகையில் இருந்த விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தது. சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதையும் சேர்த்த தொகைக்கு ஜிஎஸ்டி 9 சதவீதம் தனி என்று அதற்கு அர்த்தம். 100 டாலர் என்று போட்டிருக்கும் அறைக்குக் கடைசியில் 119.90 கொடுக்க வேண்டும். கார்டு தேய்க்கும்போது ரூபாயில் வேண்டுமா, டாலரில் வேண்டுமா என்று மெஷின் கேட்கும். டாலரையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் இன்னொரு வெட்டு விழும்.

பணம் மிச்சப்படுத்த நேர்மையான வழிகள் இருக்கின்றன. ஜாலான் புசார், லிட்டில் இந்தியா பக்கம் லைசென்ஸ் உள்ள ஹாஸ்டல்கள், சின்ன ஹோட்டல்கள் நிறைய. ஃபார்முலா ஒன் பந்தயம் நடக்கும் வாரத்தைத் தவிர்த்தாலே வாடகை நன்றாக இறங்கும். இலவசமாகக் கேன்சல் செய்யக்கூடிய அறையாகப் பார்த்து, பணத்தை அங்கே போய்க் கொடுங்கள். சிலர் பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவில் இருக்கும் ஜொகூர் பாருவில் தங்கச் சொல்வார்கள். வாடகை குறைவுதான், ஆனால் வெளிநாட்டவர் அறைக்கு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும், தினமும் பாலத்து நெரிசலில் எல்லை தாண்ட வேண்டும். வயதானவர்களை வைத்துக்கொண்டு அது வேண்டாம் என்பேன்.

ஏற்கெனவே இந்தியக் கணக்குக்குப் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணம் வெளியே போகும் முன் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. நாங்களும் புகார் கொடுத்திருக்கிறோம், பணம் இன்னும் வரவில்லை. அதே விளம்பரம் இப்போது வேறு பெயரில், வேறு எண்ணில் ஓடுகிறது. படங்கள் மட்டும் மாறவில்லை: சாம்பல் நிறச் சோபா, ஜன்னலுக்கு வெளியே நீச்சல் குளம், மேசை மேல் மஞ்சள் பூ ஜாடி.