உப்புக் காற்றுக்கு எந்தப் பூட்டு தாங்கும்? மண்டபம் லாரி அனுபவம்

ராமேசுவரம் அருகே உள்ள மண்டபம் ஊரில் மீன் ஏற்றி தூத்துக்குடிக்கும் கேரளத்துக்கும் வண்டி விடுகிறோம். பின்கதவுக்குப் பூட்டு வாங்கும்போது எல்லோரும் திருடனைத்தான் நினைக்கிறார்கள். இந்தக் கரையில் திருடனுக்கு முன்பே உப்பு வந்துவிடுகிறது. மலிவான இரும்புப் பூட்டு ஒரு வாடைக்காற்றுக் காலத்தைத் தாண்டுவதே அபூர்வம்.

'பித்தளை துருப்பிடிக்காது' என்று கடைக்காரர் சொல்வது பாதி உண்மை. உடல் பித்தளைதான், வளையக் கம்பி பெரும்பாலும் முலாம் பூசிய எஃகு. கொண்டியில் உரசி உரசி முலாம் கீறியதும் துரு அங்கே தொடங்கும். பித்தளையும் எஃகும் தொட்டுக்கொண்டு நடுவே உப்புநீர் நின்றால் எஃகு இன்னும் வேகமாக அரிக்கும். ஆகவே கம்பியும் துருப்பிடிக்காத எஃகா என்று கேளுங்கள். அந்த எஃகிலும் 304 என்ற ரகத்தைவிட, மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரகம் உப்பை நன்றாகத் தாங்கும். காந்தத்தை ஒட்டிப் பார்த்து இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. அதைச் செய்துகாட்டுகிறவரிடம் வாங்காதீர்கள்.

எங்கள் வண்டிகளில் நீண்ட நாள் நிற்பது திண்டுக்கல் லீவர் பூட்டுதான். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அதே பூட்டு. உள்ளே தடித்த தகடுகள் இருப்பதால், நுண்ணிய ஊசிகள் கொண்ட பூட்டைப் போல் மணலுக்குச் சட்டென்று சிக்கிக்கொள்வதில்லை. கனம் அதிகம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கதவில் மோதிக்கொண்டே வரும். அந்தச் சத்தத்தை நான் பொறுத்துக்கொள்கிறேன், ஓட்டுநர்கள் பொறுப்பதில்லை.

பராமரிப்பில் எங்களுக்குள் ஓயாத சண்டை எண்ணெய்தான். தேங்காய் எண்ணெயோ என்ஜின் ஆயிலோ விட்டால் அன்றைக்குச் சாவி வழுக்கிக்கொண்டு திரும்பும். பிறகு தனுஷ்கோடிப் பக்கத்து மணல் முழுவதும் அதில் ஒட்டிக் களிம்பாகிவிடும். நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, சாவித் துவாரத்தில் கிராஃபைட் தூள் போடுவதே போதும். பழைய டயர் டியூபை வெட்டி மேலே மடலாகத் தொங்கவிடுங்கள். அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும். முழுவதும் சுற்றிக் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கும்.

கொண்டியின் வெல்டிங்கையும் தட்டிப் பாருங்கள். துருவேறிய கொண்டியில் விலையுயர்ந்த பூட்டைத் தொங்கவிடுவது வீண்செலவு. கம்பிக்கும் உடலுக்கும் இடையே இடைவெளி குறைந்த பூட்டாக எடுத்தால் கத்தரிக் கருவி நுழையாது. மாற்றுச் சாவியை ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் போட்டு வைக்கும் பழக்கத்தை மட்டும் இன்னும் ஒழிக்க முடியவில்லை.