உச்ச வேகத்துக்கு எதை மாற்றுவது: எடையா, ஹீலிக்ஸா, ஸ்பிரிங்கா, பல்சக்கரமா?

பனிமீது ஓடும் வண்டியான ஸ்னோமொபைலின் உச்ச வேகத்தைக் கூட்ட நினைப்பவர்கள் வழக்கமாகக் கை வைக்கும் இடங்கள் நான்கு: எஞ்சின் பக்கமுள்ள ப்ரைமரி கிளட்சின் எடைகள், பெல்ட்டின் மறுமுனையில் உள்ள செகண்டரி கிளட்சின் ஹீலிக்ஸ் எனும் சுருள் சரிவு, இரண்டு கிளட்சுகளிலும் உள்ள ஸ்பிரிங்குகள், சங்கிலிப் பெட்டியான செயின்கேஸுக்குள் இருக்கும் பல்சக்கரங்கள். நான்கும் ஒரே வாக்குறுதியோடு விற்கப்படுகின்றன என்றாலும், நான்கும் தீர்க்கும் குறை ஒன்றல்ல. வண்டி இப்போது எதில் முட்டி நிற்கிறது என்று தெரியாமல் பாகம் வாங்குபவருக்குப் பணம் போவது உறுதி, வேகம் வருவது உறுதியில்லை.

முதலில் எதிர்பார்ப்பின் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். கிளட்ச் எஞ்சினுக்கு ஒரு குதிரைத்திறனைக்கூடக் கூடுதலாகத் தருவதில்லை. இருக்கிற திறன், பனியைப் பற்றி வண்டியைத் தள்ளும் பட்டையான டிராக்கைச் சென்றடையும் வழியைத்தான் அது சீராக்குகிறது. காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதால், மணிக்கு 150 கிலோமீட்டரில் ஓடும் வண்டியை 160-க்குக் கொண்டுபோக, அந்த எதிர்ப்பை மட்டும் கணக்கில் எடுத்தாலே 21 விழுக்காடு கூடுதல் திறன் வேண்டும். ஆகவே, ஏற்கெனவே சரியாக அமைந்த வண்டியில் கிளட்ச் வேலையால் பத்து கிலோமீட்டர் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. தவறாக அமைந்த வண்டியில் அது நடக்கலாம். அப்போதும் அது புதிதாகப் பெற்ற வேகமல்ல, இழந்திருந்த வேகம்.

இயங்கும் முறை எளியது. எஞ்சினின் கிராங்க்ஷாஃப்டில் இருக்கும் ப்ரைமரி கிளட்ச் சுழலும்போது அதன் எடைகள் வெளிநோக்கி விரிந்து, நகரும் தட்டை நிலையான தட்டை நோக்கித் தள்ள, இடையில் இருக்கும் பெல்ட் மேலே ஏறுகிறது. பெல்ட்டின் நீளம் மாறாததால் செகண்டரியில் அது உள்ளே இறங்குகிறது. நம் ஊர்க் கியர் இல்லாத ஸ்கூட்டர்களின் வேரியேட்டரில் ரோலர்கள் செய்வதும் இதே வேலைதான். ரோலர் தேய்ந்த ஸ்கூட்டர் கத்துமே தவிர ஓடாது என்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதி முன்பே தெரியும். ஸ்னோமொபைலில் வேறுபாடு என்னவென்றால், இரு-ஸ்ட்ரோக் எஞ்சினும் அதன் டியூன் செய்த எக்ஸாஸ்ட் குழாயும் முழுத் திறனைத் தருவது மிகக் குறுகிய ஆர்பிஎம் (நிமிடச் சுழற்சி) வரம்புக்குள் மட்டுமே. இன்றைய 850 சிசி எஞ்சின்களில் அது பெரும்பாலும் 8000-ஐ ஒட்டி அமைகிறது. முழு திராட்டிலில், புறப்பட்ட நொடியிலிருந்து கடைசி மீட்டர் வரை, முள்ளை அந்த எண்ணிலேயே நிறுத்திவைப்பதுதான் கிளட்சின் கடமை.

எனவே எந்தப் பாகத்தையும் தொடுமுன் இரண்டு செய்திகள் வேண்டும்: நீண்ட ஓட்டத்தின் முடிவில் ஆர்பிஎம் எவ்வளவு, பெல்ட் எவ்வளவு உயரம் ஏறியது. முதலாவதை டேக்கோமீட்டர் காட்டும். இரண்டாவதற்கு ஒரு மார்க்கர் பேனா போதும். எஞ்சினை நிறுத்தி, கிளட்ச் ஆறிய பின், ப்ரைமரித் தட்டின் சாய்ந்த முகத்தில் மையத்திலிருந்து விளிம்பு வரை ஒரு கோடு இழுக்க வேண்டும். காப்பு மூடியை மறுபடி பூட்டி ஒருமுறை முழு வேகத்தில் ஓடித் திரும்பினால், பெல்ட் உரசிய இடம் வரை மை அழிந்திருக்கும். விளிம்பை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்கு மை அப்படியே நின்றால், அந்த உயரத்தை வண்டி பயன்படுத்தவே இல்லை என்று பொருள். விலை உயர்ந்த எந்தக் கருவியும் இவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை.

மை மிஞ்சியிருந்து, ஆர்பிஎம் உச்சத் திறன் எண்ணைத் தாண்டிப் போயிருந்தால் எடை போதவில்லை. மை மிஞ்சியிருந்து ஆர்பிஎம்மும் குறைந்திருந்தால், எடை அதிகம், அல்லது ஹீலிக்ஸின் இறுதிக் கோணம் செங்குத்து, அல்லது செயின்கேஸின் மேல் பல்சக்கரம் பெரிது. மை முழுதும் அழிந்த பிறகும் ஆர்பிஎம் ஏறிக்கொண்டே இருந்தால் கிளட்ச் தன் வேலையை முடித்துவிட்டது, இனி பல்சக்கரம்தான். ஆர்பிஎம் சரியாக இருந்தும் மை மிஞ்சியிருந்தால், வண்டியின் திறன் அவ்வளவுதான்.

இப்போது நான்கையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். எடையை முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம், அதன் விளைவை முன்கூட்டியே கணக்கிட முடியும் என்பதே. 60 கிராம் எடை 6 சென்டிமீட்டர் ஆரத்தில் 8000 ஆர்பிஎம்மில் சுழலும்போது, சுமார் 250 கிலோ பாரத்துக்குச் சமமான விசையோடு வெளியே இழுக்கிறது. அத்தகைய எடைகள் ஒரு கிளட்சில் பொதுவாக மூன்று. மையவிலக்கு விசை சுழற்சி வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், ஒவ்வொன்றிலும் 1 கிராம் கூட்டினால் ஆர்பிஎம் கணக்குப்படி 65 வாக்கில் இறங்கும். அந்த 1 கிராம் எங்கே சேர்கிறது என்பது அதைவிட முக்கியம். கீலுக்கு அருகில் சேர்த்தால் புறப்பாட்டிலும் நடு வேகத்திலும் உணரப்படும். நுனியில் சேர்த்தால், எடை முழுதும் விரிந்திருக்கும் உச்ச வேகத்தில்தான் அதன் பலம் தெரியும். திருகும் துளைகளும் கொண்ட, மாற்றி அமைக்கத்தக்க எடைகள் விலை கூடினாலும் வாங்கத் தகுந்தவை என்று நான் கருதுவது இதனால்தான்: புறப்பாட்டைக் கெடுக்காமல் நுனியை மட்டும் திருத்த அவை இடம் தருகின்றன. ஸ்கீ-டூ வண்டிகளின் டிஆர்ஏ வகை கிளட்சில் இதற்கு இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. 1 முதல் 6 வரை எண்ணிட்ட திருகுகளைத் திருப்பினால், எடைகள் அழுத்தும் சரிவுப் பட்டையின் சாய்வு மாறி, ஒரு படிக்கு ஏறத்தாழ 200 ஆர்பிஎம் கூடும் அல்லது குறையும். சோதித்துப் பார்க்க இது அருமையான வசதி. ஆனால் 200 என்பது பெரிய படி. இடையில் விழும் அளவுக்கு எடையைத்தான் நாட வேண்டியிருக்கும்.

ஹீலிக்ஸ் இதைவிட நுட்பமானது, ஆகவே தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதிகம். செகண்டரி கிளட்சுக்கு வந்து சேரும் முறுக்கு விசை இந்தச் சரிவின் மீது ஏறி, தட்டுகளை நெருக்கிப் பெல்ட்டைப் பிடிக்கிறது. கோணம் குறையக் குறைய, அதே முறுக்கு விசைக்குப் பிடி இறுகும். 44 டிகிரியிலிருந்து 36-க்கு இறங்கினால் பிடியழுத்தம் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. பிடி இறுகினால் மேலேறுவது தாமதமாகி ஆர்பிஎம் உயரும்; தளர்ந்தால் வேகமாக மேலேறி ஆர்பிஎம் இறங்கும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. புறப்படும்போது கிளட்ச் விகிதம் (செகண்டரி ஒரு சுற்றுச் சுற்ற ப்ரைமரி சுற்ற வேண்டிய சுற்றுகள்) 3.5 என்றும் உச்ச வேகத்தில் 0.9 என்றும் கொண்டால், செகண்டரிக்கு வரும் முறுக்கு விசை உச்சத்தில் தொடக்கத்தில் இருந்ததன் கால் பங்குதான். ஒரே கோணம் கொண்ட ஹீலிக்ஸில், வண்டி எவ்வளவு வேகமெடுக்கிறதோ அவ்வளவுக்கு ஹீலிக்ஸின் பிடி தளர்கிறது. பெரிய கோணத்தில் தொடங்கிச் சிறிய கோணத்தில் முடியும் இரு-கோண ஹீலிக்ஸுகள் வந்ததன் காரணம் இதில் விளங்கும்: தொடக்கத்தில் தாராளமாக மேலேற விட்டு, முடிவில் பிடியை மீட்டுக்கொள்கின்றன.

ஒரே ஆர்பிஎம்மை இரு வழிகளில் பெறலாம் என்பதால் உண்மையான போட்டி இங்கேதான் நடக்கிறது. கனமான எடையும் சிறிய கோணமும் ஒரு வழி. இலேசான எடையும் பெரிய கோணமும் மற்றொன்று. முதல் வழியில் பெல்ட் இரு பக்கமும் இறுக்கமாகப் பிடிக்கப்படுவதால் வழுக்கல் குறைவு. திராட்டிலை விட்டுப் பிடித்தால் வண்டி உடனே கீழ் விகிதத்துக்குத் திரும்பும். ஆனால் தேவைக்கு மேல் நெருக்கினால் அந்த உராய்வே திறனைத் தின்னும். இரண்டாம் வழியில் கிளட்ச் இலகுவாகச் சுழலும். ஆனால் முறுக்கு விசை மிகுந்த எஞ்சின்களில் பெல்ட் வழுக்கிச் சூடேறும். வளைவுகள் நிறைந்த காட்டுத் தடங்களுக்கு முதல் வழியே சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. உறைந்த ஏரியில் திராட்டிலை ஒருமுறை அழுத்தி முடிவுவரை விடாமல் ஓடும் ஓட்டத்தில் கீழ் விகிதத்துக்குத் திரும்பும் தேவையே எழாததால், இறுதிக் கோணத்தை இரண்டு, மூன்று டிகிரி கூட்டிப் பார்க்க நியாயம் உண்டு. ஓடி முடித்தவுடன் தட்டுகளின் வெப்பத்தை அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்தால் விடை கிடைத்துவிடும்: இரண்டு அமைப்புகளில் எது குளிர்ச்சியாக ஓடுகிறதோ அது திறனைக் குறைவாக வீணாக்குகிறது.

ஸ்பிரிங்குகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ப்ரைமரி ஸ்பிரிங்கில் 120/340 போல இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது பெல்ட்டைப் பற்றும் நிலையில் உள்ள விசை, இரண்டாவது முழுதும் மூடிய நிலையில் உள்ள விசை, இரண்டும் பவுண்டில். புறப்படும் ஆர்பிஎம்மை முதல் எண் தீர்மானிக்கிறது என்பதால், உச்ச வேகத்தை நாடுபவருக்கு இரண்டாவது எண் மட்டுமே பொருட்டு. செகண்டரி ஸ்பிரிங்கின் பங்கு சற்றுப் பெரிது: மேலே சொன்னபடி உச்சத்தில் ஹீலிக்ஸின் பிடி தளர்ந்திருப்பதால், அங்கே பெல்ட்டைப் பிடிப்பதில் ஸ்பிரிங்கின் விகிதம் கூடுகிறது. எனினும், களைத்துப்போன ஸ்பிரிங்கை மாற்றுவது பராமரிப்பு. வேகத்துக்காக ஸ்பிரிங்கைத் தேடி அலைவது, எடையால் செய்ய வேண்டியதைச் சுற்றுவழியில் செய்வது.

பல்சக்கரத்தின் கவர்ச்சி அதன் கணக்கில் இருக்கிறது. பற்கள் பிடிக்கும் இடங்களுக்கிடையே 2.86 அங்குல இடைவெளி கொண்ட டிராக்கும், அதைச் சுழற்றும் 8 பல் டிரைவரும் உள்ள வண்டியில், செயின்கேஸ் 25/45 (மேல் சக்கரம் 25 பல், கீழ்ச் சக்கரம் 45 பல்) என்றும் கிளட்ச் விகிதம் 0.9 என்றும் கொண்டால், 8000 ஆர்பிஎம்மில் டிராக்கின் வேகம் மணிக்கு 172 கிலோமீட்டர். மேல் சக்கரத்தை 26 பல்லாக்கினால் அது 179. தாளில் ஏழு கிலோமீட்டர் இலாபம். ஆனால் அந்த 4 விழுக்காடு வேகத்துக்கு 12 விழுக்காடு திறன் எங்கிருந்து வரும் என்று கேட்டால் தாள் பதில் சொல்லாது. திறன் இல்லாவிட்டால் பெல்ட் முன்பு ஏறிய உயரத்தை எட்டாமல் நின்றுவிடும். வேகம் அப்படியே இருக்க, புறப்பாடு மட்டும் மந்தமாகும். மை முழுதும் அழிந்து, ஆர்பிஎம்மும் உச்சத்தைத் தாண்டும் வண்டிக்கு மட்டுமே பெரிய பல்சக்கரம் பலன் தரும். அத்தகைய வண்டிக்கு வேறு எந்த மாற்றமும் பலன் தராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவை எல்லாம் ஓடும் இடத்தையும் பொறுத்தவை. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் 82 விழுக்காடுதான். டர்போ இல்லாத எஞ்சின் ஏறத்தாழ அதே விகிதத்தில் திறனை இழப்பதால், தாழ்வான மினசோட்டா மாநில ஏரியில் கச்சிதமாக ஓடிய எடைகள் அங்கே எஞ்சினை அமுக்கிவிடும். மினசோட்டாவில் பொது நிலத்திலும் பொது நீர்நிலைகளிலும் ஸ்னோமொபைலுக்கு மணிக்கு 50 மைல்தான் சட்ட வரம்பு என்பதால், இந்தச் சோதனைகளுக்கு உரிய இடம் ஏற்பாடு செய்யப்பட்ட ஓட்டப் பந்தயத் தடமே.

கடைசியாகப் பெல்ட். கிளட்ச் தட்டுகளின் பக்கச் சாய்வு 13, 14 டிகிரி வாக்கில் இருப்பதால், பெல்ட்டின் அகலம் 1.5 மில்லிமீட்டர் தேய்ந்தால், தட்டுகள் முழுதும் மூடிய நிலையில் அது சுமார் 3 மில்லிமீட்டர் தாழ்ந்து ஓடும். விளிம்பில் மிஞ்சிய மையைப் பார்த்து எடையைக் கூட்டப் போகுமுன், வெர்னியர் காலிப்பரால் பெல்ட்டின் அகலத்தை அளந்து, தயாரிப்பாளர் கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டுவிட வேண்டும். தேய்ந்த பெல்ட்டுக்கு ஏற்ப அமைத்த எடை, புதுப் பெல்ட் போட்ட அன்றே தவறாகிவிடும்.