விட்டால் நிற்கும் என்றார்கள்

கோலாலம்பூரில் டைவிங் போகிற நம்மவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் இதை எழுதிவிடுகிறேன். தண்ணீருக்கடியில் ஆளை இழுத்துக்கொண்டு போகும் ஸ்கூட்டர் இருக்கிறதே, அதை ஓட்டப் பழக இங்கே ஒரு கடையில் 850 ரிங்கிட் கட்டி ஏமாந்தேன்.

நானும் மச்சானும் ஓப்பன் வாட்டர் என்கிற முதல் நிலை டைவிங் வகுப்பு முடித்து முப்பது டைவ் பக்கம் போனவர்கள். ஸ்கூட்டர் மட்டும்தான் புதுசு. கடைக்காரர் இனிக்க இனிக்கப் பேசினார். “ரொம்ப ஈசி லா புரோ. டிரிகரை அழுத்தினா போகும், விட்டா நிக்கும். அவ்ளோதான்.” உண்மையிலேயே பாடம் அவ்வளவுதான் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

செராஸில் ஒரு நீச்சல் குளத்தில் அரை மணி நேரம் ஓட்டவிட்டார்கள். மச்சானின் தொங்கிய பட்டை ஒன்று புரொப்பெல்லர் பக்கம் போனதை நான்தான் பார்த்து இழுத்துவிட்டேன். அடுத்த வெள்ளி இரவு மெர்சிங், காலையில் ஃபெரி, மதியம் தியோமானில் ரெங்கிஸ் தீவுப் பக்கம் இறங்கியாயிற்று.

இந்த ஸ்கூட்டரை ஓர் இழுவைக் கயிற்றால் கவட்டைப் பட்டையில் இருக்கும் வளையத்தில் மாட்ட வேண்டும். அப்போதுதான் இழுப்பு உடம்பில் இறங்கும், கைக்குத் திருப்புகிற வேலை மட்டும் இருக்கும். எங்களுக்குக் கயிறே தரவில்லை. பத்து நிமிடத்தில் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. பழக்கக் கூட வந்த கடை ஆளோ தன் ஸ்கூட்டரில் முன்னால் பறந்துவிட்டார், ஆளையே காணோம்.

11 மீட்டரில் இருந்தபோது டிரிகரை விட்டேன். நிற்கவில்லை. கை தளர்ந்ததில் ஸ்கூட்டரின் மூக்கு மேலே தூக்க, அப்படியே ஏற ஆரம்பித்தது. ஸ்கூட்டர் போகிற மணிக்கு 4 கிலோமீட்டர் என்பது தரையில் நடக்கிற வேகம்தான், ஆனால் கணக்குப் போட்டால் நிமிடத்துக்குச் சுமார் 67 மீட்டர். டைவிங்கில் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதே என்று படித்திருக்கிறோம். கையில் கட்டியிருந்த, ஆழமும் ஏறும் வேகமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் கீச் கீச்சென்று கத்துகிறது. இரண்டு மூச்சு விடுவதற்குள் 5 மீட்டர் ஆழத்துக்கு வந்துவிட்டேன். மூச்சை அடக்காமல் விட்டுக்கொண்டே இருந்தேன், அது பழைய வாத்தியார் போட்ட பிச்சை. ஏறும்போது அடக்கினால் நுரையீரல் கிழிந்துவிடும் ஆபத்து உண்டு.

ஸ்கூட்டரை விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். தொலைந்தால் 3,200 ரிங்கிட் கட்டுவேன் என்று படகில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அந்த நேரத்திலும் புத்தி அங்கேதான் போனது, வெட்கக்கேடு. மூக்கைக் கீழே திருப்பினேன், இந்தத் தடவை மணலை நோக்கி இழுத்தது. காதுக்குள் ஊசி இறக்கின மாதிரி வலி. மணலில் முட்டிய பிறகுதான் டிரிகர் ‘டக்’கென்று வெளியே வந்தது.

படகில் ஏறி அதைக் கவிழ்த்துத் தட்டினேன். டிரிகர் இடுக்கிலிருந்து ஒரு தேக்கரண்டி மணல் கொட்டியது. முந்தின ஆள் ஓட்டியபின் யாரும் நல்ல தண்ணீரில் கழுவவே இல்லை. கடைக்காரர் போனில் சொன்னது: “உங்க கைதான் அழுத்திக்கிட்டே இருந்திருக்கும் புரோ.”

இதைவிட எரிச்சல், மறுநாள் நீட்டிய படிவம். கடலில் இரண்டு டைவ் முடித்தேன் என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நாங்கள் போனது ஒன்று. பாடி (PADI) என்கிற டைவிங் அமைப்பின் ஸ்கூட்டர் வகுப்புக்குக் கடலில் இரண்டு டைவ் கட்டாயம். கையெழுத்துப் போடவில்லை. வீட்டுக்கு வந்து அந்த அமைப்பின் இணையதளத்தில், கூட வந்தவரின் உறுப்பினர் எண்ணைத் தட்டிப் பார்த்தால், அவர் டைவ்மாஸ்டர்தான். வகுப்பு நடத்தும் தகுதியே கிடையாது. அந்த எண்ணைப் பணம் கட்டும் முன்பே கேட்டிருக்க வேண்டும். நீங்களாவது கேளுங்கள், தர மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

இன்னொன்றையும் அவர்கள் சொல்லித் தரவில்லை. பத்து நிமிடம் ஸ்கூட்டரில் போனால் அறுநூறு மீட்டருக்கு மேல் போயிருப்போம். அங்கே பேட்டரி செத்தால் காலில் மாட்டிய ஃபின் அடித்துத் திரும்ப அரை மணிக்கு மேல் ஆகும், டேங்கில் காற்று வேண்டாமா? எங்கே திரும்ப வேண்டும், ஒருவர் ஸ்கூட்டர் நின்றால் மற்றவர் எப்படி இழுத்துவருவது, டிரிகர் மாட்டிக்கொண்டால் மின்சாரத்தை எப்படித் துண்டிப்பது என்பதெல்லாம் குளத்திலேயே பழக வேண்டியவை. ஜூலையில் வேறொரு பயிற்றுநரிடம் போனபோது முதல் ஒரு மணி நேரம் அவர் நிறுத்த மட்டும்தான் பழக்கினார்.

பயனீட்டாளர் கோரல் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, படிவம் 1 கொடுத்திருக்கிறேன். 50,000 ரிங்கிட் வரை அங்கே கோரலாம், வக்கீல் தேவையில்லை. காது வலிக்கு நஷ்டஈடு அங்கே கேட்க முடியாது, உடல் காயம் அவர்கள் வரம்பில் இல்லை. கட்டின 850-ஐ மட்டும் கேட்டிருக்கிறேன். கடைப் பெயரை உள்பெட்டியில் கேட்காதீர்கள், விசாரணை முடியும்வரை சொல்ல மாட்டேன். தேதி வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.