இந்தியா மார்க் 2 அடிபம்பு: நாற்பது ஆண்டுகள் நீர் அடித்தபின் எழுதும் மதிப்பீடு

எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்கு எதிரே நிற்கும் அடிபம்பு 1980-களின் தொடக்கத்தில் போடப்பட்டது. அதற்கு முன்பு ஊருக்கே ஒரு சேந்துகிணறுதான். சித்திரை, வைகாசியில் அடியில் கலங்கிக் கிடக்கும் நீருக்காக அம்மா விடியற்காலை நான்கு மணிக்கே கயிறும் குடமுமாகக் கிளம்பிவிடுவார். அந்த நீரை வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் குடித்தோம். ஆனாலும் கோடையில் வயிற்றுப்போக்கு வராத வீடு இருந்ததில்லை. பம்பு வந்த ஆண்டே அம்மாவின் நாள் இரண்டு மணி நேரம் தள்ளித் தொடங்கியது. அக்கா பள்ளிக்கூடத்தைப் பாதியில் விடாமல் படித்ததற்கும் அந்த இரண்டு மணி நேரமே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தப் பம்பின் சிறப்பை உணர, இதற்கு முன்பிருந்தவற்றை நினைத்துப் பார்க்க வேண்டும். 1960-களின் இறுதியில், வறட்சியை ஒட்டி, யுனிசெஃப் உதவியுடன் பாறை நிலங்களில் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. ஒரு குடும்பத்தின் உபயோகத்துக்கென்று வார்க்கப்பட்ட இரும்புப் பம்புகளை அவற்றின் மேல் பொருத்திவிட்டு, ஊரே நாள் முழுவதும் அடித்தால் எவ்வளவு காலம் தாங்கும்? பெரும்பாலானவை சில மாதங்களிலேயே உடைந்தன. சோலாப்பூரில் உருவாக்கப்பட்ட உறுதியான எஃகுப் பம்பை அடிப்படையாகக் கொண்டு, மத்திய அரசும் யுனிசெஃப்பும் சென்னையில் ஆலை வைத்திருந்த ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் நிறுவனமும் 1970-களின் நடுவில் வடிவமைத்ததுதான் மார்க் 2. அது கள சோதனைக்கு உட்படுத்தப்பட்டது எங்கள் கோயம்புத்தூர் வட்டாரத்தில் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

இதன் நுட்பம் கைப்பிடியின் மறுமுனையில் இருக்கிறது. கைப்பிடியை அழுத்தும்போது, அதன் கால்வட்டத் தகட்டின் மேல் படிந்திருக்கும் சங்கிலி, உள்ளேயுள்ள கம்பியைச் சாயாமல் நேர்மேலாக இழுக்கிறது. கம்பி தன் எடையாலேயே கீழே இறங்கிவிடுகிறது. பக்கவாட்டு உராய்வு இல்லாததால் தேய்மானம் குறைவு. ஏறத்தாழ எட்டுக்கு ஒன்று என்ற நெம்பு விகிதம் இருப்பதால், பத்து வயதுப் பிள்ளையும் முப்பது மீட்டர் ஆழத்து நீரை மேலே கொண்டுவர முடியும். அந்த ஆழத்தில் மணிக்குச் சுமார் 800 லிட்டர் கிடைக்கும்; அதாவது ஒரு குடம் நிறைய ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகும். வடிவமைப்புக்குக் காப்புரிமை இல்லாததால் பல பட்டறைகள் இதைச் செய்கின்றன. ஆகவே வாங்கும் ஊராட்சிகள் ஐ.எஸ்.ஐ. தர முத்திரையைப் பார்த்து வாங்குவது அவசியம்.

பெரிய குறை, பழுது பார்ப்பதில் இருக்கிறது. குழாயின் அடியில் நீரை மேலே தூக்கும் பிஸ்டனிலுள்ள ஒரு சின்ன வாஷர் தேய்ந்தால்கூட, மூன்று மூன்று மீட்டராக இணைத்த இரும்புக் குழாய்கள் அத்தனையையும் மேலே தூக்கியாக வேண்டும். அதற்கு நான்கைந்து ஆட்களும் அவர்களுக்கான கருவிகளும் வேண்டும். ஒருமுறை வாஷர் மாற்ற ஆள் வருவதற்குப் பதினோரு நாள் காத்திருந்தோம்; அந்தப் பதினோரு நாளும் பெண்கள் மீண்டும் பழைய கிணற்றுக்கு நடந்தார்கள். பின்னால் வந்த மார்க் 3-இல் குழாய்களை அசைக்காமல், கம்பியோடு பிஸ்டனை மட்டும் உருவி எடுத்துவிடலாம். புதிதாகப் போடுபவர்களுக்கு, விலை சற்றுக் கூடினாலும், அதையே பரிந்துரைப்பேன். அமிலத்தன்மை மிகுந்த நிலத்தடி நீரில் துத்தநாகம் பூசிய குழாய்கள் அரிக்கும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். அங்கே நீர் சிவந்து, துரு வாடை அடிக்கும்.

நீர் தெளிவாக இருப்பதாலேயே தூய்மையானது என்று எண்ணிவிடக் கூடாது. திறந்த நீர்நிலைகளில் இறங்கி நீர் எடுத்ததால் பரவிய நரம்புச் சிலந்தி (கினியா புழு) நோய் இந்தியாவில் 1996-க்குப் பிறகு காணப்படவில்லை. 2000-ஆம் ஆண்டு நாடு அந்நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்றளிக்கப்பட்டது. அதில் அடிபம்புகளுக்கும் பங்குண்டு. ஆனால் பாறையிலிருந்து கரையும் ஃபுளோரைடை எந்தப் பம்பும் தடுக்காது. தருமபுரி மாவட்டத்தில் பற்கள் பழுப்பேறிய பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அந்த நீரைக் குடிக்கக் கூடாது. கொதிக்கவைத்தாலும் ஃபுளோரைடு நீங்காது. ஆகையால் பம்பு பொருத்துவதற்கு முன்பே நீரைப் பரிசோதிக்க வேண்டும்.

இப்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு குழாய் இணைப்பு இருக்கிறது. அதனால் அடிபம்பைப் பிடுங்கிவிடலாம் என்று ஊரில் பேச்சு எழுந்தபோது நான் கடுமையாக மறுத்தேன். புயலில் இரண்டு நாள் மின்சாரம் நின்றபோது ஊரே வரிசையில் நின்றது இந்தப் பம்பின் முன்னால்தான். சென்ற மாதம் புது வாஷர் போட்டாகிவிட்டது. மேடையில் விழுந்துள்ள விரிசல் வழியாகக் கழிவுநீர் கிணற்றுக்குள் இறங்கிவிடாமல் பூசுவதற்கு ஒரு மூட்டை சிமென்ட் போதும். இந்தக் கோடைக்குள் அதைச் செய்து முடிக்க வேண்டும்.