கடலோர வீட்டுல டர்ஃப் கோர்ட்: அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி என் கதைய ஒருதடவை படிச்சிடுங்க

எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நாளா இழுத்துட்டே இருந்தேன், போன வாரம் பையன் பந்த துரத்திட்டு போய் வலையில சாஞ்சப்ப மூலைக் கம்பம் அடியோட ஆடிச்சு பாருங்க, அப்பதான் எழுதியே ஆகணும்னு தோணுச்சு. வீட்டுல டர்ஃப் கோர்ட், அதாவது செயற்கைப் புல்லு மைதானம், போட்டுக் குடுத்தவங்க பேர சொல்லப்போறதில்ல. ஆனா என்ன பண்ணாங்கன்னு ஒண்ணு விடாம சொல்றேன்.

மாடியில நின்னா கடல் தெரியும், அவ்ளோ பக்கத்துல வீடு. பின்பக்கம் 12 மீட்டருக்கு 6 மீட்டர் காலி இடம், பசங்களுக்கு ஃபுட்பால், எனக்கு கொஞ்சம் டென்னிஸ் பிராக்டிஸ், இதான் ஆசை. வந்தவரு ஒரு பை நிறைய சாம்பிள் கொண்டாந்தாரு. ரெண்டு மணி நேரம் புல்லப் பத்தியே பேச்சு, 40 மில்லிமீட்டர் உயரம், டிடெக்ஸ் (இழையோட கன அளவு) இவ்ளோ, இது கோஸ்டல் கிரேடு சார்னு. நானும் லூசு மாதிரி ஒவ்வொரு துண்டையும் தடவித் தடவிப் பாத்து கலர் செலக்ட் பண்ணிட்டு உக்காந்திருந்தேன். தரையப் பத்தி அவரும் பேசல, நானும் கேக்கல. கோட்டேஷன்ல "பேஸ் வேலை"ன்னு ஒரே ஒரு வரி, அதுக்குள்ள என்ன வரும் என்ன வராதுன்னு ஒண்ணுமே இல்ல. அதப் பாத்துட்டும் 80 சதவீதம் முன்பணம் குடுத்தேன், அந்த தப்பு முழுக்க என்னோடது.

(இன்னொண்ணு, 40 மில்லிமீட்டர் புல்லுல டென்னிஸ் பந்து எழும்பவே எழும்பாது, டென்னிஸுக்கு 10லருந்து 20க்குள்ள நெருக்கமா இருக்குற குட்டைப் புல்லு வேணும். ரெண்டு விளையாட்டும் வேணும்னு சொன்ன அன்னிக்கே அவரு இத சொல்லிருக்கணும்.)

இப்ப தரைக்கு வரேன். எங்க மண்ணு வெறும் மணல். தோண்டி, துணி மாதிரி வர்ற ஜியோடெக்ஸ்டைல் விரிச்சு, மேல 100லருந்து 150 மில்லிமீட்டர் ஜல்லிய கொஞ்சம் கொஞ்சமா போட்டு தண்ணி தெளிச்சு ரோலர் ஓட்டி இறுக்கணும்னு இப்ப தெரியுது. அன்னிக்கு நடந்தது, ஒரு லோடு ஜல்லி கொட்டுனாங்க, பலகையால இழுத்து விட்டாங்க, கை ரோலர் ரெண்டு தடவை போய்ட்டு வந்துச்சு, சாயங்காலம் டீ குடிச்சிட்டு கிளம்பிட்டாங்க. துணி விரிக்கவே இல்ல. வாட்டம் ஒரு சதவீதம் குடுத்திருக்கோம்னு சொன்னாரு. ஒரு சதவீதம்னா 6 மீட்டர் அகலத்துக்கு இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் 6 சென்டிமீட்டர் வித்தியாசம் வரணும். முதல் மழையில தண்ணி குளம் கட்டினப்புறம் டியூப் லெவல் வச்சு நானே பாத்தேன், ஒண்ணரை சென்டிமீட்டர் கூட இல்ல, அதுவும் வீட்டு சுவர் பக்கமா சரிஞ்சிருக்கு.

புல்லு விரிப்புகளோட ஜாயின்ட் ஒட்டுனது அதிகாலையில, அதுக்கு அடியில வைக்குற டேப் மேல பனி முத்து முத்தா நின்னுச்சு, இது காயட்டும்னு சொன்னேன், வெயில் வந்தா சரியாயிடும் சார்னு லேபிளே இல்லாத டின்னுலருந்து பசைய ஊத்தி ஒட்டிட்டாரு. நாலாவது மாசம் நடு ஜாயின்ட் வாயப் பொளந்துடுச்சு. கால் பெருவிரல் அதுல மாட்டி நகம் போச்சு, எனக்குதான்.

ஆனா உண்மையா ஏமாத்து நடந்தது கம்பத்துலதான். ஜிஐ பைப்னு (துத்தநாகம் பூசின இரும்பு பைப்) சொன்னாரு, பைப்பும் ஜிஐதான், பொய் இல்ல. அத இங்க கொண்டாந்து அறுத்து, ஓட்டை போட்டு, வெல்டு வச்சு, வெல்டு மேல சில்வர் பெயின்ட் அடிச்சு பளபளன்னு நிறுத்திட்டாரு. வெல்டிங் சூட்டுல அந்த இடத்து துத்தநாகப் பூச்சு எரிஞ்சு போயிடும், அறுத்த முனையிலயும் ஓட்டையிலயும் இரும்பு அப்படியே வெளிய தெரியும். உப்புக்காத்துக்கு அது போதாதா? மூணாம் மாசமே ஒவ்வொரு வெல்டுலருந்தும் காப்பி வழிஞ்ச மாதிரி பழுப்புக் கோடு. கடலோரத்துக்கு வெல்டு, ஓட்டை எல்லாம் முடிச்சப்புறம்தான் முழுக் கம்பத்தையும் உருக்கின துத்தநாகத்துல முக்கி எடுக்கணும், ஹாட் டிப்ங்கிறது அதான். நட்டு போல்ட்டு ஸ்டெயின்லெஸ்னா 316ங்கிற கிரேடு கேளுங்க, 304 கடல் பக்கம் கறை பிடிச்சிடும். காந்தம் வச்சுப் பாத்து கண்டுபிடிச்சிடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, 304ஐயும் 316ஐயும் காந்தத்தால பிரிக்க முடியாது, பில்லுல கிரேடு எழுதி வாங்குறதுதான் வழி.

அப்புறம் மணல். புல்லுக்கு நடுவுல கழுவிக் காயவச்ச, உருண்டையான சிலிகா மணல் தூவணும். எங்களுதுல ஒரு நாள் உக்காந்து கைய விட்டு அளைஞ்சா விரல்ல கிளிஞ்சல் துண்டு குத்துது. ஒரு பிடி அள்ளி நல்ல தண்ணியில கலக்கி, தெளிஞ்சதும் அந்தத் தண்ணிய மட்டும் ஒரு தட்டுல ஊத்தி வெயில்ல வச்சேன், சாயங்காலம் தட்டு முழுக்க வெள்ளை. போன் பண்ணேன். அது காத்துல வர்ற உப்பு சார்ங்கிறாரு. சரி காத்துல உப்பு வரும், கிளிஞ்சலுமா பறந்து வரும்? உப்பு கலந்த மணல் காத்துல இருக்குற ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும், சாதா உப்பே ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினா தானா கரைய ஆரம்பிச்சிடும், இங்க பாதி நாள் அதுக்கு மேலதான். அதனால காலையில மழையே இல்லாம கோர்ட் நசநசன்னு, ஓரத்துல பாசி, பசங்க வழுக்கி விழறாங்க. கீழயும் ஈரம், மேலயும் ஈரம், புல்லோட முதுகுல பூசியிருந்த லேடெக்ஸ் ஒரு மூலையத் தூக்கிப் பாத்தா பழைய ரப்பர் பேண்டு மாதிரி பொடிப்பொடியா உதிருது. முதுகு லேடெக்ஸா பாலியூரித்தேனான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், பாலியூரித்தேன் ஈரத்த நல்லா தாங்கும்.

வாரன்ட்டி 8 வருஷம் இருக்கேன்னு பேப்பர எடுத்து நிதானமா படிச்சேன். இழை வெயில்ல வலுவிழந்தா மட்டும்தான் வாரன்ட்டி. தரை, பசை, கம்பம், மணல் எதுவும் அதுல இல்ல. கொடுமை என்னன்னா இழைக்கு ஒண்ணுமே ஆகல, இன்னிக்கும் பச்சைப்பசேல்னு இருக்கு!

கடைசியா நேர்ல வந்தாரு, கம்பத்த விரலால சுரண்டிப் பாத்துட்டு, "கடல் பக்கத்துல இருந்தா துரு பிடிக்கத்தான் சார் செய்யும்"னாரு. கோஸ்டல் கிரேடுன்னு வித்த அதே வாய். வேலை நடந்தப்ப நான் போட்டோ எடுக்கல, அவருகிட்ட எல்லாம் இருக்கு, கேட்டா அனுப்ப மாட்டேங்கிறாரு. எழுத்துல புகார் குடுத்திருக்கேன், பதில் வந்தா இங்கயே போடுறேன்.

இப்போதைக்கு கம்பத்த எல்லாம் கழட்டி சுவரோரமா சாச்சு வச்சிருக்கேன். மணல மூட்டை கட்டி வெளிய தள்ற வேலை பாதியில நிக்குது. நேத்து அவருகிட்டருந்து மெசேஜ். நம்ம கோர்ட் போட்டு முடிச்ச அன்னிக்கு எடுத்த போட்டோ ரொம்ப நல்லா வந்திருக்காம், விளம்பரத்துக்கு போட்டுக்கலாமா சார்னு கேக்குறாரு.