கைத்தறிச் சாரனுக்கு ஓப்பன்எல்சிஏ: பாவித்துப் பார்த்ததில்

ஒரு கைத்தறிச் சாரன், பருத்தி விளைவதில் தொடங்கிக் கந்தலாகும் வரை சுற்றாடலுக்கு எவ்வளவு சுமை என்று கொழும்புக் கடைக்காரர் கேட்டார். கணக்குப் பார்க்க ஓப்பன்எல்சிஏ மென்பொருளை எடுத்தேன். பெர்லினில் உள்ள கிரீன்டெல்டா நிறுவனம் செய்தது. காசில்லை, இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும். மருதமுனையில் தறிக்கூடம் நடத்தும் எனக்கு இதுவே பெரிய உதவி.

எங்கே மினக்கெட வேண்டும், எங்கே தேவையில்லை என்று காட்டித்தருவதுதான் இதில் எனக்கு ஆகப் பிடித்தது. முதலில் எல்லாவற்றுக்கும் கைக்கணக்கைப் போட்டு ஓடவிட்டேன். எந்தப் படியால் எவ்வளவு சுமை என்று கிளைகிளையாகக் காட்டும் பங்களிப்பு மரத்தை விரித்தால் பருத்தி விளைச்சலும் நூற்பும் மேலே நிற்கின்றன, அடுத்தது சாய அடுப்பு. நூல் ஏற்றிவரும் லொறி எங்கேயோ அடியில் கிடக்கிறது. தறி கையால் ஓடுவதால் அங்கே கரண்ட் செலவே இல்லை. ஆகவே லொறிக்குக் குத்துமதிப்பான தூரம் போதும்; விறகை மட்டும் தராசில் வைத்து நிறுத்தேன்.

ஆனால் கணக்கைச் சுருக்கும்போது எடையை மட்டும் பார்க்காதீர்கள். எங்கள் கூடத்தில் 1 கிலோ நூலுக்கு வாட் சாயம் (இரசாயனம் போட்டுக் கரைத்தே நூலில் ஏற்றும் சாயம்) 30 கிராம். எடையில் 5 வீதத்துக்குக் குறைந்ததெல்லாம் வேண்டாம் என்று வெட்டினால் சாயம் முழுதாகக் கணக்கை விட்டுப் போய்விடும். கோஸ்டிக் சோடாவும் சல்பைட்டும் கலந்த தொட்டித் தண்ணீர் இறங்குவதோ கடலோர மணலுக்குள். நாங்கள் குடிக்கும் கிணறும் அதே மணலில்தான் இருக்கிறது. இந்த மாதிரிக் கணக்குக்கென்று 2006ஆம் ஆண்டு வந்த ஐஎஸ்ஓ 14044 நியமமும் எடையோடு சக்தியையும் சுற்றாடல் முக்கியத்துவத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் வெட்டச் சொல்கிறது.

குறை தரவில்தான். பொருட்களின் சுற்றாடல் சுமைக் கணக்குகளைத் தொகுத்து வைத்திருக்கும் எக்கோஇன்வென்ட் தரவுத்தளத்துக்குக் காசு கட்ட வேண்டும். நான் இறக்கிய இலவசத் தரவில் எங்கள் சாயத்துக்குப் பொருந்துவது கிடைக்கவில்லை. வேறொரு இரசாயனத்தைப் பதிலுக்கு வைத்து, உறுதியின்மையைக் கூட்டிப் போட்டு, மொண்டே கார்லோ (எண்களை மாற்றி மாற்றிப் பலமுறை கணக்கிடும் முறை) ஓட்டினேன். விடை ஒற்றை எண்ணாக வராமல் இன்னதிலிருந்து இன்னதுவரை என்று வந்தது. கடைக்காரருக்கும் அப்படியே கொடுத்தேன். துவைப்புக்கும் மெஷின், ட்ரையர் வைத்த ஐரோப்பியக் கணக்கை எடுக்காதீர்கள். இங்கே கையால் கும்மி வெயிலில்தானே காயப்போடுகிறோம்.

இன்னொன்று, 'ஒரு சாரன்' என்று அலகு வைக்காமல் 'ஒரு வருடம் உடுப்பது' என்று வையுங்கள். நாள்பட உழைக்கும் துணியின் பெறுமதி அப்போதுதான் கணக்கில் ஏறும்.

என் சாயத்தொட்டிக் கணக்கைத் தனி ஃபைலாக எடுத்து வைத்திருக்கிறேன். கல்முனை, காத்தான்குடிப் பக்கம் சாயம் போடுகிறவர்கள் கேட்டால் தருவேன். உங்கள் விறகையும் தண்ணீரையும் அளந்து அதில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.